நண்டுப் பக்கத்தின் முதல் வரி

என் தங்கை மகள் நண்டு வியாபாரத்துக்கு வலைத்தளம் போடுகிறாள். அதை வடிவமைத்துத் தர ஒரு இளைஞனைப் பிடித்திருக்கிறாள். போன மாதம் அவன் மீஞ்சூரில் என் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தான். தளத்தில் போட வேண்டிய வாசகங்களை நான்தான் எழுத வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். மாமா ஏதோ காலத்தில் இந்த மாதிரி வேலை பார்த்தவர் என்று அவளுக்கு மங்கலாகத் தெரியும்.

"சார், தேடுறவங்க முதல் பக்கத்தத் தாண்டிப் போறதே இல்ல. அதுலயும் மேல இருக்கற ரெண்டு மூணத்தான் பாப்பாங்க. அதுக்குக் கீழ இருந்தா நீங்க உலகத்துலயே இல்லைன்னு அர்த்தம்" என்றான். தேடுபவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார் என்று முதலில் யோசிக்க வேண்டுமாம். அந்தச் சொல் தலைப்பில் இருக்க வேண்டுமாம். மற்ற தளங்கள் நம்மைக் கை காட்ட வேண்டுமாம். எனக்குப் புரியாது என்று நினைத்து, ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொன்னான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தம்பி, இதையெல்லாம் நீ பிறப்பதற்கு முன்பே நான் செய்தவன், செய்து, பெற்ற தாயைத் தோற்கடித்தவன் என்று சொல்ல வாய் வரை வந்தது. காபி ஆறுகிறது, குடிங்க என்று மட்டும் சொன்னேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊரில் இருந்து புத்தகப் பையோடு வெளியே போன முதல் ஆள் நான். பி.யூ.சி. தேறியதற்கே ஊரில் பெரிய படிப்பு என்று பேர். அனுப்பம்பட்டில் மாமா வீட்டில் தங்கிக்கொண்டு, ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். அலுவலகம் பாரிமுனைப் பக்கம் ஒரு மாடியில். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு தடித்த புத்தகம் போடுவார்கள். வியாபார டைரக்டரி. எந்தச் சரக்கு யாரிடம் கிடைக்கும் என்பதுதான் அதில் விஷயம். ஆணியில் இருந்து ஆயில் எஞ்சின் வரைக்கும் தலைப்புகள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் விற்பவர்களின் பெயர், விலாசம், தொலைபேசி எண், அவர்களைப் பற்றி ஒரு வரி. தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துக்கு இரண்டு பத்தி.

முதலாளிக்கு எந்நேரமும் வாயில் வெற்றிலை. ஆனால் மூளை கூர்மையான மனிதர். சேர்ந்த முதல் நாளே என்னிடம் சொன்னார்: "நம்ம புஸ்தகத்த ஒருத்தனும் படிக்க மாட்டான்யா. தேடுவான். தேடறவனுக்குப் பொறுமை கிடையாது. மேல இருக்கற பேரப் பாப்பான், போன எடுப்பான். அவ்வளவுதான்." ஆகவே ஒரு தலைப்பின் கீழ் யார் முதலில் வருவது என்பதுதான் அந்த அலுவலகத்தின் ஒரே சண்டை. அதற்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். புத்தகத்தோடு தபால் அட்டைகள் சேர்த்துத் தைத்திருக்கும். சரக்கு வேண்டியவர்கள் யாரிடம் வேண்டும் என்று அட்டையில் எழுதி எங்களுக்குப் போடுவார்கள். நாங்கள் அதை உரியவருக்கு அனுப்பி வைப்போம். ஒரு வருஷத்தில் யார் பெயருக்கு அதிக அட்டை வருகிறதோ, அடுத்த பதிப்பில் அவருக்கு முதல் இடம். யார் சிபாரிசும் செல்லாது. முதல் இடத்துக்காரரே கையெழுத்துப் போட்டு, எனக்கு வேண்டாம், இன்னாருக்குக் கொடுங்கள் என்று எழுதித் தந்தால் மட்டும் மாற்றுவோம். அப்படி எழுதித் தரும் பைத்தியக்காரன் யாரும் இருக்க மாட்டான் என்று முதலாளி சிரிப்பார்.

என் வேலை தலைப்புகளை ஒழுங்கு செய்வது, விவர வரிகளை எழுதுவது, ஒரு தலைப்பில் இருந்து இன்னொன்றுக்குப் போகும் 'காண்க' குறிப்புகளைப் போடுவது. கொஞ்ச நாளில் எனக்கு அது பிடிபட்டுவிட்டது. விற்பவன் தன் சரக்கை ஒரு பெயரால் அழைப்பான், வாங்குபவன் வேறு பெயரால் தேடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் எத்தனையோ பேருடைய வியாபாரம் விழுந்து சாகிறது என்று கண்டுகொண்டேன். கண்டுகொண்டதும் தலையில் கொஞ்சம் கனம் ஏறியது.

என் அம்மா அப்போது ஏரியில் கையால் தடவி நண்டும் இறாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் வலை கிடையாது, படகு கிடையாது. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பனை ஓலைப் பறிக்கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். விரலில் தட்டுவது இறாலா, நண்டா, முள் மீனா என்று தொட்ட அந்தக் கணத்தில் தெரிய வேண்டும். அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. நண்டு எடுத்துக்கொண்டு போய்விட்டது. பறியைக் கடித்துக் கடித்து முன்பற்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. அப்பா நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கையும் பல்லும்தான் என்னைப் படிக்க வைத்தன.

கரைக்கு ஒரு வியாபாரி வருவான். அவன் சொன்னதுதான் விலை. நண்டு சாகிற வரைக்கும் காக்க வைத்து, செத்த நண்டுக்கு இதுதான் என்று வாங்கிப் போவான். இதற்காகவே ஊர்ப் பெண்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மெட்ராஸில் இருந்து நண்டு ஏற்றுமதி செய்கிறவர்களின் வண்டி நேராக எங்கள் கரைக்கு வர வேண்டும். வண்டி வந்தால் நண்டு உயிரோடு போகும். வண்டி வராவிட்டால் பழைய வியாபாரிதான், பழைய கதிதான்.

"நீதான் பெரிய புஸ்தகத்துல வேல பாக்கறியே, அதுல நம்ம பேரப் போடேன்" என்றாள் அம்மா.

போடுவது பெரிய காரியமில்லை. எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. 'மீன்' என்ற தலைப்பின் கீழ் போட்டால் காசிமேட்டில் இருந்து கன்னியாகுமரி வரைக்கும் இருக்கிறவர்களுக்குக் கீழே, மூன்றாவது பக்கத்தில் கிடப்பார்கள். ஒரு வாரம் அதையே யோசித்துக்கொண்டு ரயிலில் போய் வந்தேன். போன வருஷத்து அட்டைகளைக் கட்டுக் கட்டாக எடுத்துப் படித்துப் பார்த்தேன். வாங்குகிறவர்கள் என்ன சொல்லால் கேட்கிறார்கள் என்று அதில் இருந்தது. ஏற்றுமதிக்காரர்கள் யாரும் மீன் என்றோ கடல் உணவு என்றோ எழுதவில்லை. 'உயிர் நண்டு கிடைக்குமா' என்றுதான் கேட்டிருந்தார்கள். அப்படி ஒரு தலைப்பே எங்கள் புத்தகத்தில் கிடையாது.

உண்டாக்கினேன். 'நண்டு, உயிருடன்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழ் ஒரே ஒரு பெயர், எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கம். பிறகு 'மீன்', 'இறால்', 'ஏற்றுமதிச் சரக்கு', 'ஹோட்டல் தேவைகள்' என்று எங்கெல்லாம் அந்த ஆட்கள் விரல் வைக்கக்கூடுமோ அங்கெல்லாம் 'காண்க: நண்டு, உயிருடன்' என்று குறிப்புப் போட்டேன். எந்தக் கதவைத் திறந்தாலும் என் அம்மா நிற்பாள்.

விவர வரியில்தான் கையைச் சுட்டுக்கொண்டேன். முதலில் எழுதியதில் நண்டு, உயிர் நண்டு, பச்சை நண்டு, சேற்று நண்டு, பெரிய நண்டு என்று எல்லாச் சொல்லையும் அடைத்து வைத்திருந்தேன். முதலாளி அதைக் கிழித்துக் குப்பையில் போட்டார். "படிக்கறவன் மனுஷன்யா. அவனுக்கு ஒரே ஒரு காரணம் சொல்லு, போதும்." அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவோடு தண்ணீருக்குள் இறங்கினேன். வலையில் மாட்டும் நண்டை வலைக்கண்ணில் இருந்து பிய்த்து எடுக்கும்போது கால் ஒடிந்துவிடும். கால் ஒடிந்ததை ஏற்றுமதிக்காரன் தொட மாட்டான். அம்மா பிடித்ததில் ஒன்றுகூட ஒடிந்திருக்கவில்லை. திங்கட்கிழமை இப்படி எழுதினேன்: 'வலை தொடாமல், ஒவ்வொன்றாகக் கையால் பிடித்த நண்டு. கால் ஒடியாது, உயிரோடு வந்து சேரும்.' முதலாளி வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தார். தலையை ஆட்டினார். இத்தனை வருஷத்தில் நான் எழுதிய எதுவும் அதற்கு ஈடில்லை.

தொலைபேசிக்கு எங்கே போவது? பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ஒரு பாய் இருந்தார். அந்தக் காலத்தில் கப்பல் வியாபாரம் செய்த குடும்பம் என்பார்கள். அவர் காலத்தில் மளிகைக் கடைதான் மிச்சம். அம்மா போய்க் கேட்டதும், "என் நம்பரப் போட்டுக்கோம்மா. போன் வந்தா ஆள் அனுப்பறேன்" என்றார். நிஜமாகவே ஒவ்வொரு தடவையும் ஆள் அனுப்பினார்.

புத்தகம் வெளிவந்த இரண்டாவது மாதம் அட்டைகள் வரத் தொடங்கின. மூன்றாவது மாதம் வண்டி வந்தது. நீல நிற வேன். கரையில் அது நின்ற இடத்தில் மண் அமுங்கியிருந்ததைப் பெண்கள் போய்ப் போய்ப் பார்த்தார்கள். நண்டின் காலை ஈர வைக்கோல் கயிற்றால் கட்டி, கூடையில் அடுக்கி, வரிசையில் நின்று ஏற்றினார்கள். பழைய வியாபாரி தூரத்தில் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனான். அந்த வருஷம் அம்மா வாயைப் பொத்தாமல் சிரித்தாள். பல் ஆடுவதை மறைக்க எப்போதும் கையை வைத்துக்கொள்வாள், அந்த வருஷம் வைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஒரே ஒரு வருஷம்.

அடுத்த பதிப்புக்கு வேலை தொடங்கிய சமயம் ஊருக்குப் போயிருந்தேன். சங்கத்துக் கொட்டகையில் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"இந்த வாட்டி மொத எடத்த வலைக்கார ஊருக்குக் குடுத்துடு நைனா. அடுத்த வருசம் நமக்கு. அதுக்கடுத்தது அவுங்களுக்கு. பேசி முடிச்சிட்டோம்."

வலைக்கார ஊர் என்பது எங்களுக்கு வடக்கே ஒரு மைல் தள்ளி இருப்பது. அங்கே படகும் சுத்து வலையும் உண்டு. எங்களுக்கு இல்லாத இன்னொன்றும் உண்டு, பாடு. ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் சிலதான். அந்த இடங்களில் யார் என்றைக்கு வலை விடுவது என்று வலைக்கார ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்திருந்தன. இன்றைக்கு நல்ல இடம் உனக்கு என்றால் நாளைக்கு எனக்கு. ஒருவனே நல்ல இடத்தில் குந்திக்கொள்ள முடியாது. முறை தவறினால் ஊர்க் கட்டுப்பாடு, அபராதம். அதற்குத்தான் பாடு என்று பெயர். கையால் பிடிக்கிற எங்களுக்கு அந்தப் பாட்டில் எந்தக் காலத்திலும் பங்கு கிடையாது. அவர்கள் வலை விட்டிருக்கும் நாளில் அந்தப் பக்கம் போனால், கலக்கிவிட்டாய் என்று திட்டி விரட்டுவார்கள்.

"அவங்க உங்கள எந்தக் காலத்துல சேத்துக்கினாங்க? நீங்க எதுக்கு அவங்களுக்குக் குடுக்கணும்?" என்று கத்தினேன்.

"அதத்தான் சொல்றேன். அவுங்க நம்மள சேத்துக்கல. நமக்குன்னு இப்பதான் ஒரு நல்ல எடம் வந்து கீது. நாமளும் மொறயா நடந்துக்கினா நாளைக்கு நம்மளயும் ஒரு ஊருன்னு மதிப்பாங்க. அவுங்க தலைவரு வந்து கேட்டாரு. நம்ம கொட்டாயில வந்து, தரையில குந்தி கேட்டாருடா."

அந்தத் தலைவர் தரையில் உட்கார்ந்துவிட்டதுதான் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. தண்ணீரில் விரட்டி அடித்த ஆள் கொட்டகைக்கு வந்து தரையில் உட்கார்ந்து கேட்டால், அந்தப் பெண்கள் எதைத்தான் கொடுக்க மாட்டார்கள்?

நான் அட்டை விதியை விளக்கினேன். இது ஏரி இல்லை அம்மா, இங்கே மேலே இருக்கிறவனுக்குத்தான் அட்டை வரும், அட்டை வருகிறவன்தான் மேலே இருப்பான், இறங்கினால் ஏற முடியாது என்று தொண்டை வறளச் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. அவர்களுக்கு அது புரியாமல் இல்லை. அவர்கள் தாத்தா காலத்தில் இருந்து கண்ணெதிரே பார்த்த ஒரே ஒழுங்கு, நல்ல இடம் முறை வைத்துச் சுற்றி வரும் என்பது. சுற்றி வராத ஒரு முதல் இடம் இருக்க முடியும் என்பதையே அவர்களால் ஏற்க முடியவில்லை. "அவுங்களே எயிதிக் குடுப்பாங்கடா. பாட்டுக்காரங்க வார்த்த மாற மாட்டாங்க" என்றாள் அம்மா.

பாய் கடைக்கு அழைத்துப் போனேன். அவர் சொன்னால் கேட்பாள் என்று நினைத்தேன். அவரும் சொன்னார். "இப்ப நீ ராணி மாதிரி குடுக்கற. நாளைக்கு அதையே போயி கேக்கறப்ப பிச்ச கேக்கற மாதிரி ஆயிடும்மா." அம்மா அவர் முகத்துக்கு நேராகவே, "நீங்க எங்கள மாதிரி தண்ணியில எறங்குனதில்ல பாய்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

நான் மறுத்திருக்கலாம். எழுத்து வேலை என் கையில்தான் இருந்தது. ஆனால் சங்கத்துத் தலைவி என்ற முறையில் அம்மா கைநாட்டு வைத்த தாள் என் சட்டைப்பையில் இருந்தது. முதலாளியிடம் கொடுத்தேன். அவர் தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கம்மாவாய்யா?" என்று கேட்டார். தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

வலைக்கார ஊர்த் தலைவர் தன் சங்கத்தின் விவரத்தைக் கொடுக்க எங்கள் ஊருக்கு வந்தபோது, "இன்னா எயிதறது? உங்கம்மாவுக்கு எயிதனதையே போட்டுடு" என்றார். நீங்கள் வலை போட்டுப் பிடிக்கிறவர்கள், அந்த வரி உங்களுக்குப் பொருந்தாதே என்றேன். எங்கள் பெண்களும் கரையோரம் தடவுகிறார்கள் என்றார். அது பொய். அம்மாவைப் பார்த்தேன். அவள் தாராளமாக இருந்தாள். "போடுடா. பேச்சுதானே, போட்டா இன்னா கொறஞ்சிடும்" என்றாள். போட்டேன்.

அச்சுக்குப் போகும் முன் முதலாளி பக்கத்தைப் பார்த்தார். ஒரே தலைப்பில் ஒரே வரி இரண்டு தடவை வருகிறது. அது அவருக்கு ஆகாது. "ஒண்ணு இன்னொண்ணப் பாத்து அடிச்சதுன்னு படிக்கறவன் நெனப்பான். மேல இருக்கறது இருக்கட்டும், கீழ இருக்கறத எடு." என் கண்ணெதிரிலேயே சிவப்பு மையால் அம்மாவின் வரியை அடித்தார். அந்த வரி யாருடையது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். புத்தகத்துக்குத் தெரியாது. அம்மாவின் சங்கத்துக்குப் பெயரும் பாய் கடை எண்ணும் மட்டும் மிஞ்சின. புதிதாக ஒரு வரி எழுதிக் கொடுக்க எனக்கு அவகாசம் இருந்தது. கோபத்தில் எழுதவில்லை. அவள் செய்ததற்கு அவளே அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் நீல வேன் ஒரு மைல் வடக்கே போய் நின்றது. அடுத்த வருஷம் நம் முறை என்று பெண்கள் பொறுமையாக இருந்தார்கள். வருஷம் முடிந்தது. நான் அட்டைகளை எண்ணினேன். வலைக்கார ஊருக்குக் கட்டுக் கட்டாக வந்திருந்தது. எங்களுக்கு வந்ததை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். ஒரு மாலை அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். அவர்களுடைய அட்டைக் கட்டில் பாதியை எடுத்துக் கிழித்துப் போட்டால் கேட்பாரில்லை. கையில் எடுத்துக்கூடப் பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது வேலை போய்விடும் என்ற பயம்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. தலைவர் எழுதித் தர வேண்டும். அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, பாட்டில் பங்குள்ள ஊர்க்காரி பேச்சுக்குப் போவது மாதிரி போனாள். அவர் வலை காயப்போட்டிருந்த இடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை அவர் தரையில் உட்காரவில்லை. எங்களையும் உட்காரச் சொல்லவில்லை.

"வருசம் முடிஞ்சிட்சி. இந்த வாட்டி எங்க மொற. தம்பி காயிதம் கொண்டாந்து கீறான், கையெயித்துப் போட்டுக் குடுங்க" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்புக்கூட இல்லை. குழந்தை எதையோ கேட்டதற்குச் சிரிப்பது மாதிரி.

"ஏரிக்குத்தாம்மா பாடு. காயிதத்துக்கு இன்னா பாடு?"

"நீங்கதானே அன்னிக்கு மொறன்னு சொன்னீங்க?"

"மொறன்னா பாட்டுக்காரங்களுக்குள்ள. நீங்க எப்பம்மா பாட்டுல இருந்தீங்க?"

அம்மா என் கையில் இருந்த காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பி வரும் வழி முழுக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. பழையபடி பல்லை மறைத்துக்கொண்டாள்.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நண்டுப் பக்கத்தைத் திறந்து கொடுத்ததும், நகமில்லாத விரலை முதல் வரியின் மேல் வைத்தாள். "இதப் படி" என்றாள். படித்தேன். 'வலை தொடாமல், ஒவ்வொன்றாகக் கையால் பிடித்த நண்டு.' முழுதும் கேட்டாள். "அவுங்க எப்படா கையால புடிச்சாங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் சீக்கிரமே கிடைத்தது. வலை நண்டில் கால் ஒடிகிறது, புத்தகத்தில் போட்டிருக்கிற கை நண்டு எங்கே என்று ஏற்றுமதிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். தலைவர் எங்கள் ஊருக்கு ஆள் அனுப்பினார். பழைய வியாபாரியைவிட இது தேவலை என்று பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்தார்கள். அம்மாவும் நடந்தாள். அவள் பிடித்த நண்டு அவர்கள் பெயரில் நீல வேனில் ஏறியது. அந்த வரி அப்படி உண்மையாகிவிட்டது. எண்பதுகள் முடியும் வரை, இடுப்பு விழும் வரை, அவள் அவர்கள் கொட்டகைக்குத்தான் நண்டு சுமந்தாள். சங்கம் இருந்த இடத்தில் ஆட்டுக்குட்டி கட்டினார்கள். பாய் கடை எண்ணைப் புத்தகத்தில் இருந்து நானே எடுத்தேன்.

அவர்கள் மேல் கோபம் இருக்கிறது. அதைவிட அதிகமாக அம்மா மேல் இருந்தது. அவள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, கோபத்தை யாரிடம் காட்டுவது? மதிக்கப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டாள், அது ஒரு குற்றமா? சிவப்பு மையால் அடித்த இடத்தில் ஒரு வரி எழுதத் தெரிந்தும் எழுதாமல் இருந்தவன் நான்.

நேற்று அந்த இளைஞன் மறுபடியும் வந்தான், தங்கை மகளும் கூட வந்திருந்தாள். நம் போட்டிக்காரர்கள் யார் என்று பார்க்கலாம் சார் என்று, 'பழவேற்காடு உயிர் நண்டு' என்று தட்டினான். முதலாவதாக வந்தது வலைக்கார ஊர். தலைவரின் பேரன் நடத்துகிறானாம். பெயருக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். 'வலை தொடாமல், ஒவ்வொன்றாகக் கையால் பிடித்த நண்டு. கால் ஒடியாது, உயிரோடு வந்து சேரும்.' ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

"சூப்பரா எழுதியிருக்காங்க சார்" என்றான் இளைஞன். "இவங்க மேல நிக்கறதுக்கே இதான் காரணம்."

"இது நம்ம வரி. இதையே நாமும் போடலாம்" என்றேன்.

"ஐயோ, வேணாம் சார். அவங்க எப்பவோ போட்டுட்டாங்க. இப்ப நாம போட்டா, நாமதான் காப்பி அடிச்சோம்னு தேடுபொறி எடுத்துக்கும். நம்மள இன்னும் கீழ தள்ளிடும். நீங்க புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க."

தங்கை மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் அம்மாவின் கை. நகம் இருக்கிறது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

சரி, வேறு எழுதித் தருகிறேன் என்றேன். காலையில் இருந்து வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஒரு சொல் எழுதவில்லை.